ஊற்றுக்கு ஒன்பது நாள் ஓய்வு

நம் தொண்டு நிறுவனத்தில் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சியின் முதல் நாளே உங்கள் கையில் ஒரு கையேட்டைத் திணித்திருப்பார்கள். பச்சை அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் மலையும் ஓடையும் சிரிக்கும் பெண்களும். அதில் தைலம் காய்ச்சும் மகளிர் குழுக்களைப் பற்றிய பகுதியில் ஒரு விதி கட்டம் போட்டு அச்சாகியிருக்கும். 'கோடையில் ஊற்றுக்கு ஒன்பது நாள் ஓய்வு அளிக்கப்பட வேண்டும். அந்த நாட்களில் தைல அடுப்பு எரியக் கூடாது.'

ஏன் ஒன்பது, எட்டு போதாதா என்று உங்களில் யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள். கட்டம் போட்டு அச்சடித்ததை யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் என் காலத்தில் கேட்டதில்லை. ஆனால் இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றபின் பழனி அடிவாரத்தில் என் அண்ணன் கடையில், பஞ்சாமிர்த டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். ஊரெல்லாம் தண்ணீர் சேமிக்கக் கற்றுக்கொடுத்தவன் கடைசியில் செய்யும் உருப்படியான வேலை இதுதான் என்று அண்ணன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அங்கேதான் போன வாரம் பாக்கியத்தின் போன் வந்தது. பாக்கியம், மலையில் வில்பட்டிக்கு மேலே ஒரு குடியிருப்பில் தைலம் காய்ச்சும் எட்டுப் பெண்களின் குழுத் தலைவி.

"சார், நல்லாருக்கீங்களா? ஒரு சோலியா கூப்பிட்டேன். புதுசா வந்திருக்கிற தம்பி அடுப்ப நெசமாவே மூடச் சொல்றாருங்க."

"எத்தனை நாளைக்கு?"

"ஒம்பது நாளு. ஏன்னு கேட்டா புஸ்தகத்துல போட்டிருக்குங்கிறாரு. புஸ்தகத்துல ஏன் போட்டாங்கன்னு கேட்டா அவருக்கும் தெரியல. பழைய சாரத்தான் கேக்கணும்ங்கிறாரு. சீசன் நேரம் சார். டவுன்ல கடைக்காரரு சரக்கு கேட்டு நிக்கிறாரு. வெரசா ஒரு பதில் சொல்லுங்க."

யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. சொல்லத்தான் கூச்சம். அந்தத் தம்பியும் உங்களில் ஒருவர்தான், அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எழுதியிருப்பதை நம்பினார், அவ்வளவுதான். எழுதியவன் கதையைக் கேளுங்கள்.

அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். நிலம் கிடையாது. விடிவதற்குமுன் வேன் ஏறி அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். பாக்கியத்துக்குக் கேரட் கழுவும் வேலை. மலைப்பனியில் முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரில் நின்றுகொண்டு மூட்டை மூட்டையாகக் கழுவ வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும். சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்பதால் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்த நாட்கள் உண்டு என்று அவர் ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஊருக்கு எங்கள் நிறுவனம் ஒரே சமயத்தில் இரண்டு திட்டங்களோடு போனது. ஒன்று தண்ணீர்த் திட்டம், இன்னொன்று சிறுதொழில் திட்டம். ஜீப் ஒன்று, ஆள் ஒன்று, அந்த ஆள் நான். காலையில் ஊற்றுப் பாதுகாப்புக் குழுவைக் கூட்டி, தைலமரம் நிலத்தடித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சுகிறது, ஊற்றைச் சுற்றி ஒரு மரம்கூட இருக்கக் கூடாது என்று பேசுவேன். மதியம் மகளிர் குழுவைக் கூட்டி, தைலமரம்தான் உங்கள் வாழ்வாதாரம், இலை ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று பேசுவேன். இரண்டு கூட்டத்திலும் முன்வரிசையில் பாக்கியமே உட்கார்ந்திருப்பார்.

"காலையில சொன்னதும் இப்பச் சொல்றதும் ஒரே மரத்தப் பத்திங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டார். கேலியா, சந்தேகமா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் 'ஒருங்கிணைந்த அணுகுமுறை' என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். இந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நம் தொழிலில் வழக்கம். நீங்களும் எழுதுவீர்கள், எழுதும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இரண்டும் நடந்தன. ஊற்றைச் சுற்றியிருந்த மரங்களை வெட்டினோம். அந்த இலையை வைத்தே பெண்கள் அடுப்பைத் தொடங்கினார்கள். பெரிய இரும்பு அண்டாவில் இலையும் தண்ணீரும் போட்டு மூடி, கீழே தீ மூட்டினால் ஆவி ஒரு குழாய் வழியாகப் போகும். குழாய் ஒரு குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து வரும்போது ஆவி குளிர்ந்து தைலமாகச் சொட்டும். தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும் என்பதால் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். சூடான தண்ணீர் வீணாகவும் இல்லை. குடியிருப்பின் கீழ்வரிசைப் பெண்கள் குடத்தில் பிடித்துக் குளிக்கக் கொண்டுபோனார்கள். அந்தக் குளிரில் வெந்நீர் சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? பாக்கியம் கேரட் வேலையை விட்டார். இரண்டே மாதத்தில் விரல் புண் ஆறியது. கையை விரித்துக் காட்டி, "இப்ப ரசம் ஊத்திச் சாப்பிடுறேன் சார்" என்றார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

இங்கே அந்த மலையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே தண்ணீர் என்றால் ஓஸ்தான், அதாவது பிளாஸ்டிக் குழாய். கறுப்பு ஓஸ்களை ஊற்றிலிருந்து மேடு பள்ளம், பாறை, முள் எல்லாம் தாண்டி அவரவர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஊற்றடியில் நின்று பார்த்தால் எது யாருடையது என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இணைப்பிலும் அவரவர் அடையாளமாக ஒரு துணி கட்டியிருக்கும். சிவப்பு ஒருவருக்கு, மஞ்சள் புள்ளி ஒருவருக்கு, பழைய லுங்கிக் கிழிசல் இன்னொருவருக்கு. அடுத்தவர் ஓஸை யாரும் தொடமாட்டார்கள். வேலி தாண்டினால்கூடச் சமாதானம் பேசலாம், ஓஸைத் தொட்டால் பேச்சே அற்றுப்போகும். போட்டவர்தான் பிடுங்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள்ளும் அதுதான் சட்டம்.

மூன்றாம் வருடம் ஏப்ரலில் ஊற்று இளைத்தது. ஊர்த் தொட்டிக்கு நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். நான் போனபோது கீழ்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து நின்று கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"தைல அடுப்புதான் தண்ணியக் குடிக்கிது. எட்டுப் பேரு பொழைக்க ஊரே காயணுமா? சார் இப்பவே ஒரு முடிவு சொல்லணும்."

வெந்நீருக்குக் காலையில் வரிசையில் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அடுப்பு கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது, அதற்குப் போகும் ஓஸ் கண்ணெதிரே கிடந்தது. அது போதுமான ஆதாரமாக எனக்குத் தெரிந்தது. கூட்டம் சூடாகும்போது அதிகாரிக்கு ஒரு விபரீத ஆசை வரும். எதையாவது உடனே நிறுத்தி, தான் அதிகாரி என்று காட்டிவிட வேண்டும். "மறு உத்தரவு வரும்வரை அடுப்பு எரிய வேண்டாம்" என்றேன். கைதட்டினார்கள். பாக்கியம் எழுந்துபோய் அடுப்பிலிருந்த விறகை ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் போட்டு அணைத்தார்.

இப்போது எங்கள் டிரைவரைப் பற்றி. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. இருபது வருடம் எனக்கு ஜீப் ஓட்டியவர். நான் கூட்டத்தில் பேசும் நேரமெல்லாம் அவர் ஊரைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். பொழுதுபோகாமல் நடக்கிறார் என்றே நீண்ட காலம் நினைத்தேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பது தெரியவந்தபோது கற்றுக்கொள்ளும் வயது எனக்குத் தாண்டியிருந்தது. மறுநாள் வண்டி வளைவில் இறங்கும்போது கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"கீழ தண்ணியில்லைங்கிறாங்க. மேல நம்ம நாத்தங்கால்ல தொட்டி நெறஞ்சு அந்தப் பக்கத்துப் பள்ளத்துல வழியுது. எனக்கெதுக்கு சார், பாத்தேன், சொல்றேன்."

நாற்றங்கால் எங்களுடையது. ஊற்றைச் சுற்றிச் சோலை மரங்களை மறுபடியும் வளர்க்க வேண்டும் என்று கன்றுகள் பதியம் போட்டிருந்தோம். அதற்கு ஊற்றிலிருந்து ஓஸ் போடச் சொன்னவனும் நான்தான், எவ்வளவு தண்ணீர் போகிறது என்று மட்டும் போய்ப் பார்த்ததில்லை. ஊற்றைக் காப்பாற்றத்தான் அந்த நாற்றங்கால் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். ஊற்றடிக்குப் போய், அங்கிருந்த ஓஸ்களிலேயே தடிமனான ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாறை ஏறி, உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து நடந்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நீலத் துணி கட்டியிருந்தது. நாலாவது இணைப்பில் துணி கொஞ்சம் அகலமாக இருந்தது, அதில் எழுத்துத் தெரிந்தது. 'பாதுகாப்பு' என்றிருந்தது. எங்கள் பழைய விழா பேனரைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். ஓஸ் நேரே நாற்றங்கால் தொட்டிக்குள் போய் விழுந்தது. தொட்டி நிரம்பி மறுபக்கச் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் போகும் தண்ணீர் அதில் கால்வாசிகூட இருக்காது.

அந்த நிமிடமே நான் அதைப் பிடுங்கியிருக்க வேண்டும். கைகூட வைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

காரணம், அடுத்த வாரம் விருந்தினர்கள் வருகிறார்கள். திட்டத்துக்கு நிதி உதவி செய்கிறவர்கள். அவர்கள் பார்க்க வருவதே நாற்றங்காலைத்தான். வெயில் நேரத்தில் ஓஸைப் பிடுங்கினால் கன்றுகள் வாடும், வாடிய கன்றுகளுக்கு நடுவே நின்று நான் என்ன பேசுவேன்? அவர்கள் போனதும் பிடுங்கிவிடலாம். ஒரு வாரம்தானே? ஊருக்கு இரண்டு லாரித் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தேன், கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன். அடுப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஓஸைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்குமே. டிரைவர் வானொலியை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார்.

விருந்தினர்கள் வந்தார்கள். கன்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன. படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து கீழே இறங்கும்போது அவர்களில் ஒருவர் தைல அடுப்பைப் பார்த்துவிட்டார். இது ஏன் ஓடவில்லை என்று கேட்டார்.

நெருக்கடியில்தான் மனிதனின் உண்மையான திறமை வெளிப்படும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். என்னுடையது வெளிப்பட்டது. "ஊற்றுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டு நோட்டைத் திறந்தார். மனதுக்குள் கூட்டம் நடந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். "ஒன்பது நாள்" என்றேன். எழுதிக்கொண்டு, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

குழுப் பெண்களைப் பார்க்க வேண்டும் என்றார். ஏழு பேர் கூலிக்குப் போயிருந்தார்கள். பாக்கியம் மட்டும் ஆள் அனுப்பியதும் கேரட் கழுவும் இடத்திலிருந்து அப்படியே வந்தார். சேலை முழங்காலுக்குக் கீழே நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இந்த ஓய்வு பற்றி உங்கள் கருத்து என்ன என்று விருந்தினர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சார் சொன்னாச் சரிதாங்க."

எங்கள் ஊற்றை நாங்களே காப்போம் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். விருந்தினருக்குக் கண் கலங்கியது. விடைபெறும்போது பாக்கியத்தோடு கைகுலுக்கக் கை நீட்டினார். வேறு வழியில்லாமல் அவர் கையை வெளியே எடுத்தார். எல்லா வெடிப்பும் திரும்பி வந்திருந்தது.

கார் கண்ணுக்கு மறைந்ததும் மேலே ஏறினேன். ஊற்றடியில் ஓஸைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பாக்கியம் பின்னாலேயே வந்து நின்றார். டிரைவரும் வந்தார். இருவரும் உதவிக்குக் கை நீட்டவில்லை. போட்டவர்தான் பிடுங்க வேண்டும் என்பது அந்த மலையின் சட்டம் என்று சொன்னேனே. நானே காலை ஊன்றி இழுத்துப் பிடுங்கினேன். சட்டையெல்லாம் சேறு.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"ஊருக்கே தெரியும். நீலத் துணி உங்க ஆபீசு துணிதானே சார்."

"அன்னைக்குக் கூட்டத்துல ஏன் சொல்லல?"

"நீங்க போட்ட ஓஸு. நீங்க பாத்திருப்பீங்க, ஏதாச்சும் கணக்கு இருக்கும்னு நெனச்சோம்." நனைந்த சேலை நுனியைப் பிழிந்துகொண்டே தொடர்ந்தார். "அடுப்ப நிறுத்துன்னு சொல்ல ஒரே நாள்ல வந்தீங்க சார். பத்த வையின்னு சொல்ல ஒம்பது நாளாச்சு."

 கன்றுகள் வாடிவிடுமே என்று மட்டும் முனகினேன். ஒருநாளைக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டாலே கன்றுகளுக்குத் தாராளம், ஓஸை மறுபடி செருகி ஓர் அடைப்பான் போட்டால் போதும் என்றார் பாக்கியம். போட்டோம். ஒரு கன்றுகூட வாடவில்லை. நான் ஒன்பது நாள் பயந்ததற்கு அந்தக் காரணமும் இல்லாமல் போயிற்று. அன்று சாயங்காலத்துக்குள்ளேயே ஊர்த் தொட்டிக்குப் பழையபடி தண்ணீர் வந்தது. மறுநாள் அடுப்பு எரிந்தது. ஆனால் டவுன் கடைக்காரர் காத்திருக்கவில்லை, அந்த சீசனுக்கு வேறிடத்தில் தைலம் வாங்கிக்கொண்டார். பாக்கியம் மழை வரும்வரை பாதி நாள் அடுப்பிலும் பாதி நாள் கேரட் தண்ணீரிலும் நின்றார். அதற்குக் காரணம் நான் ஒருவன்தான்.

இதையெல்லாம் அறிக்கையில் எழுதினேனா? இல்லை. ஏற்கெனவே வாயால் சொல்லியாகிவிட்ட ஒன்பது நாள் ஓய்வைத்தான் எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன். அது மேலே போயிற்று, பாராட்டு வந்தது, மற்ற ஊர்களுக்கும் பரிந்துரை ஆயிற்று, ஒருநாள் கட்டம் போட்டு அச்சாகி என் மேசைக்கே திரும்பி வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது.

இனி போன வார விஷயம். மறுநாள் பாக்கியத்துக்கு நானே போன் செய்தேன். விருந்தினர், விரல்விட்டு எண்ணியது, மொழிபெயர்ப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் அவர் சிரித்தார்.

"அது தெரியும்ங்க சார். அந்த ஒம்பது எந்த ஒம்பதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நான் போயி கைய நனைச்ச நாளுதானே."

"அப்படின்னா வருசா வருசம் ஏன் மூடுனீங்க?"

"எங்க மூடுனோம்? நோட்டுல மூடிருவோம். ஒம்பது நாளு அடுப்பு எரியலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எப்பவும்போல காய்ச்சுவோம். வர்ற சாருங்க நோட்டப் பாத்துட்டுப் போயிருவாங்க. இந்தத் தம்பிதான் நல்ல புள்ள, வெள்ளனே வந்து அடுப்படியிலேயே உக்காந்துக்கிறாரு. பொய் சொல்ல மனசு வரமாட்டேங்குது."

முதல் நாள் அவர் சொன்ன 'நெசமாவே' அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எழுதிய பொய்யை இத்தனை வருடமாக இன்னொரு பொய்யை எழுதித்தான் அந்தப் பெண்கள் சமாளித்திருக்கிறார்கள். உங்களில் ஒருவர் நேர்மையாக வேலை செய்யத் தொடங்கியதும் அவர்கள் பிழைப்புக்கு ஆபத்து வந்துவிட்டது.

"அடுப்ப மூட வேணாம். தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிருங்க" என்றேன்.

"நாங்க சொன்னா நல்லாருக்காது சார்." பாக்கியத்தின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "அது நீங்க போட்ட ஓஸு. நீங்கதான் புடுங்கணும்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். கையேட்டை எடுங்கள், அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஒன்பது என்பது ஊற்றுக்கு வேண்டிய நாள் கணக்கு இல்லை, நான் பயந்துகொண்டிருந்த நாள் கணக்கு. பக்கத்தில் என் பெயரையும் எழுதிவிடுங்கள். அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் தம்பி மட்டும் தயவுசெய்து எழுந்து, ஊற்றடிவரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். நீலத் துணி கட்டிய ஓஸ் எங்கேயாவது மறுபடியும் வீணாக வழிவது தென்பட்டால், அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.